வெளியூர்க்காரருக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

"புதுச்சத்திரத்தில் பார்க்கிற மாதிரி என்ன இருக்கிறது?" என்று வெளியூர்ச் சம்பந்தி கேட்டால், நம்மில் பெரும்பாலோர் தரும் பதில் ஒன்றுதான்: "இங்கே என்னங்க இருக்கு, கோழிப்பண்ணையும் லாரியும்தான்." அடக்கமாகப் பேசுவது கொங்கு மண்ணின் குணம். ஆனால் இந்தப் பதிலைக் கேட்டே வளர்கிற பேரப்பிள்ளைகள் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனவே நம் ஊரையும், அதைச் சுற்றி ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களையும் பற்றித் தெரிந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். சத்திரம் என்பது வழிப்போக்கருக்குத் தங்க இடமும், பல இடங்களில் ஒருவேளைச் சோறும் இலவசமாகக் கொடுத்த அறச்சாலை. மாட்டுவண்டியில் போகிறவர் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மைல் போவதே பெரிய காரியம். வெயில் ஏறியதும் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். இருட்டினால் கள்ளர் பயம். அதனால் பெருவழிகளில் வண்டி ஓய்கிற தூரத்துக்கு ஒரு சத்திரம், அதற்கொரு கிணறு, மரநிழல், சுமைதாங்கிக்கல் என்று அமைந்தன. அரசர்கள் கட்டினார்கள், பாளையக்காரர்கள் கட்டினார்கள், வணிகர்களும் பிள்ளையில்லாத தம்பதிகளும் கட்டினார்கள். மதுரையில் ராணி மங்கம்மாள் சத்திரம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இன்றும் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று சத்திரத்தின் பெயரே ஊர்ப் பெயராகிவிட்ட இடங்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. கடலூர்ப் பக்கத்திலும் ஒரு புதுச்சத்திரம் இருக்கிறது.

ஆக, நம் ஊர்ப் பெயர் ஒரு கட்டடத்தின் பெயர். போகிற வருகிற முன்பின் தெரியாத ஆளுக்குச் சோறும் நிழலும் கொடுத்த ஒரு செயலின் பெயர் என்றும் சொல்லலாம். ராஜா பெயரிலும் சாமி பெயரிலும் அமைந்த ஊர்களுக்கு நடுவே இப்படி ஒரு பெயர் வாய்த்தது சின்ன விஷயமில்லை. காசியிலிருந்து கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர் ஓடிய பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தான் போனது. இப்போது அது 44-ஆம் எண். சாலை மாறினாலும் ஊரின் தொழில் மாறவில்லை. வண்டிக்காரன் போய் லாரிக்காரன் வந்தான், அவ்வளவுதான். 2013-இல் சேலம் - கரூர் ரயில் பாதையும் வந்தது.

சுமைதாங்கிக்கல்லைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதில் இறக்கிவைத்து இளைப்பாறி, மீண்டும் தானே தூக்கிக்கொண்டு போகலாம். பிள்ளைப்பேறு காணாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதை நடுவது வழக்கம். அவள் இறக்கிவைக்காத சுமைக்காக, ஊரார் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் எந்த நாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு வழிச்சாலை வந்தபோது ஓரத்துப் புளியமரங்களோடு இப்படிப்பட்ட கற்களும் பல இடங்களில் போய்விட்டன. மிஞ்சியவை எங்கே கிடக்கின்றன என்பது நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

இனி நாமக்கல். தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பார்த்து, அந்தப் பாறையைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். சுமார் இருநூறு அடி உயரமுள்ள ஒரே பாறை. அனுமன் வடக்கே கண்டகி ஆற்றிலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமத்தைக் கீழே வைத்துவிட்டுக் கமலாலயத்தில் நீராடித் திரும்புவதற்குள் அது மலையாக வளர்ந்துவிட்டது என்பது தலபுராணம். வரலாறு சொல்லும் கதையும் அதற்குக் குறைந்ததில்லை. பாறையின் மேற்குப் பக்கம் நரசிம்மர் குடைவரை. கிழக்குப் பக்கம் அரங்கநாதர் குடைவரை. கல்லை அடுக்கிக் கட்டாமல், பாறையை உள்ளே குடைந்து செய்த கோயில்கள். ஏறக்குறைய கி.பி. 8-ஆம் நூற்றாண்டு என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அரங்கநாதர் குடைவரையில் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை அந்தக் கோயிலை அதியேந்திர விஷ்ணுக்கிருகம் என்றும், செய்தவனை அதியர் மரபில் வந்த குணசீலன் என்றும் குறிக்கின்றன.

அதியர் என்றால் வேறு யாருமில்லை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் அதியமான் நெடுமானஞ்சியின் வழியினர். பாடப்புத்தகத்தில் நாம் படித்த அந்தக் குடும்பம், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இந்தப் பக்கத்தில் இருந்து, இந்தப் பாறையைக் குடைந்து, பெயரையும் எழுதிவைத்திருக்கிறது. சங்கப் பாட்டுக்கும் நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே இவ்வளவு நெருங்கிய உறவு உள்ள ஊர்கள் அதிகம் இல்லை.

குடைவரைக்குள் போகிறவர்கள் மூலவரைச் சேவித்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பக்கச் சுவர்களையும் பாருங்கள். நரசிம்மர் கோயிலில் இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர், பூமியைத் தூக்கிவரும் வராகர், காலை வானத்துக்கு வீசும் திரிவிக்கிரமர், பாம்பின்மேல் அமர்ந்த வைகுண்டநாதர் எல்லாம் பாறையிலேயே புடைத்து நிற்கிறார்கள். உளி ஒரு விரற்கடை பிசகினால் திருத்த வழியில்லை. ஒட்டுப்போட வேறு கல் கிடையாது. அரங்கநாதர் பக்கத்தில் சங்கரநாராயணர் சிற்பம் இருக்கிறது: பாதி சிவன், பாதி திருமால். அதே மாவட்டத்தில் திருச்செங்கோட்டு மலையில் பாதி ஆண், பாதி பெண்ணாக அர்த்தநாரீசுவரர். ஒன்றை ஒன்று விலக்காமல் பாதிக்குப் பாதி சேர்த்துக் கும்பிடுகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் பழையதுதான் என்று சொல்லலாம். பாறை உச்சிக்குப் போனால் கோட்டைக்குள் ஒரு பெருமாள் கோயிலும் இருக்கிறது, ஒரு தர்காவும் இருக்கிறது.

அந்தக் கோட்டை பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் கட்டியது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. பிறகு மைசூரார் கைக்குப் போனது. 1768-இல் கர்னல் வுட் தலைமையில் வந்த கம்பெனிப் படை பிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி திரும்பப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் திப்பு கோட்டை என்கிறார்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளோடு சேலம் சீமையும் ஆங்கிலேயருக்குப் போனது. அப்போது நிர்வாகம் பார்க்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தார் என்று நடுவில் ஆள் வைக்காமல், நிலத்தை அளந்து உழவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையின் தொடக்கம் இவர்கள் இங்கே செய்த வேலைதான். வீட்டுப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிற பழைய பட்டாவுக்கும், அந்தப் பாறை மேலிருக்கும் கோட்டைக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

கோட்டைக்குப் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம்; ஏறுகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும், பிறகு பாறை சுடும். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கொல்லிமலை தெரியும். கோட்டையை இந்த இடத்தில் ஏன் கட்டினார்கள் என்பது அப்போது சொல்லாமலே விளங்கும்: சேலத்திலிருந்து காவிரிக்குப் போகிற பாதையை அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கீழே பதினெட்டு அடி ஆஞ்சநேயரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோபுரமும் கூரையும் இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். ஆனால் நரசிம்மர் கோயிலில் உள்ள நாமகிரித் தாயாரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். கணித மேதை இராமானுஜன் குடும்பத்துக்குக் குலதெய்வம் இவர்தான். 1887-இல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், தாம் கண்ட கணக்குகளைத் தாயார் கனவில் வந்து தருவதாகச் சொல்வாராம். கடல் தாண்டக்கூடாது என்றிருந்த காலத்தில், இங்கிலாந்து போவதற்கு முன் இந்தக் கோயிலில் வந்து தங்கி உத்தரவு கேட்டார் என்றும் அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. கேம்பிரிட்ஜ் வரை பெயர் போன தாயார் அவர். கணக்குப் பரீட்சைக்குப் பயப்படுகிற பேத்தியை அழைத்துப்போக இதைவிட நல்ல சந்நிதி வேறேது?

இராமானுஜனுக்கு ஒரு வயது இளையவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1888 அக்டோபர் 19-இல் காவிரிக்கரை மோகனூரில் பிறந்தார்; தந்தை போலீஸ்காரர். முதலில் பெயர் வாங்கியது ஓவியராக. படம் எழுதிச் சம்பாதித்த கை, பிறகு விடுதலைப் போராட்டத்துக்குப் பாட்டு எழுதியது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது தொண்டர்கள் வழிநெடுகப் பாடிப்போன பாட்டு இவருடையது. சிறைக்கும் போனார். 1949-இல் சென்னை அரசின் முதல் அரசவைக் கவிஞரானார், 1971-இல் பத்மபூஷண், 1972 ஆகஸ்டில் காலமானார். அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவல்தான் 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமானது. நம்மில் பலருக்கு அந்தப் படம் நினைவிருக்கும். கதை நம் மாவட்டத்துக்காரருடையது என்பது நினைவிருக்காது. சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். அவர் வாழ்ந்த வீடு நாமக்கல்லில் நினைவில்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது.

இங்கே ஒரு ஒப்பீடு. அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிஸ்ஸிஸிப்பி ஆற்றங்கரையில், ஹானிபல் என்றொரு சிறிய ஊர். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் பிறந்தது வேறு சிற்றூர். நாலு வயதில் குடும்பத்தோடு ஹானிபலுக்கு வந்து அங்கே வளர்ந்தார். மோகனூரில் பிறந்து நாமக்கல் பெயரைச் சுமந்த நம் கவிஞர் மாதிரியே. அவர் இறந்த இரண்டே ஆண்டில், 1912-இல், உள்ளூர் வக்கீல் ஒருவர் வாங்கி ஊருக்குக் கொடுத்த அந்தச் சிறு வயது வீடு காட்சிக்குத் திறக்கப்பட்டது. கதையில் டாம் சாயர் சுண்ணாம்பு அடிக்க வேண்டிய மரவேலியைக்கூட அந்த வீட்டோரம் அமைத்து வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து அந்த வேலிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளோடு ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வருகிறவர்கள் இப்படிப்பட்ட சிற்றூர் அருங்காட்சியகங்களைப் பற்றி வியந்து பேசுகிறார்கள். டிக்கெட் கிழிப்பவர் முதல் கதை சொல்பவர் வரை பல இடங்களில் ஊரின் ஓய்வு பெற்ற பெரியவர்கள்தானாம். அங்கே உள்ளது ஒரு வீடும் வேலியும். நம்மிடம் கவிஞர் வீட்டோடு ஆயிரத்து இருநூறு வருடத்துப் பாறையும் சேர்ந்து இருக்கிறது. குறைவது கதை சொல்லும் ஆள்தான்.

திருச்செங்கோடு பக்கம் போனால் மலைக்கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். அருகில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கிறது. கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று மூன்று வேலை அங்கிருந்து நடந்தது. மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகையை ராஜாஜி அங்கிருந்தே நடத்தினார். கூட இருந்து உழைத்த இளைஞர்தான் பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி. 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில், அதாவது நம் ஊரில். அதன் பிறகு அந்தச் சட்டம் வந்ததும் போனதும் நாம் பார்த்த கதை. நாட்டுக்கே முன்மாதிரி என்று சொல்லப்பட்ட ஒன்று இங்கே தொடங்கியது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

ராசிபுரத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், அவர் தம்பி கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமண் இருவர் பெயரிலும் உள்ள முதல் 'ஆர்' நம் ராசிபுரம்தான். குடும்பத்தின் பூர்வீக ஊர். உலகமெங்கும் புத்தக அட்டைகளில் ராசிபுரம் ஒற்றை எழுத்தாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கிழக்கே கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலே அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியது இந்த ஓரியின் வில்லாற்றலை. அவனைக் கொன்றவன் திருக்கோவலூர் மலையமான் காரி. கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அந்தக் காரியின் கோவலூரைத் தாக்கி வென்றவன் அதியமான். அதியமானின் தகடூரை அழித்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. கடையெழு வள்ளல்களில் மூன்று பேர், ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட கதை இது. வள்ளல் என்று நாம் போற்றுகிறவர்களும் மண்ணுக்காகச் சண்டை போட்டவர்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆடிப்பெருக்கை ஒட்டி ஓரி விழா நடக்கிறது; கூட்டம் ஆகாது என்றால் வேறு மாதத்தில் போங்கள்.

மலையேற முடிந்தவர்கள் நம் பக்கத்திலேயே உள்ள நைனாமலைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையில் போவார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படி. முடியாதவர்கள் அடிவாரத்தில் நின்று கும்பிடுவதும் நெடுநாள் வழக்கம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அருங்காட்சியகம் என்றால் நமக்குச் சேலம் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தர்மபுரியில் நடுகற்களுக்கென்றே ஒரு வைப்பகம் இருக்கிறது. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கும் புலியோடு பொருதவனுக்கும் எடுத்த கற்களை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மலைமக்கள் சாமியாக வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். உலோகம் தெரியாத காலத்து மனிதனின் கைக்கருவி, பிள்ளையார் பக்கத்தில் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கிறது! கண்ணாடிப் பெட்டிக்குப் போகாமலே அவற்றைக் காப்பாற்றியது அந்தப் பக்திதான்.

ஆனால் எல்லாவற்றையும் பக்தி காப்பாற்றாது. சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நினைவிருக்கும். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடம். இன்று அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஆசியாவே பேசிய ஸ்டுடியோ என்று நாம் சொன்னால், பேரன் வளைவையும் நம்மையும் மாறிமாறிப் பார்க்கிறான். ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தையதே இந்தக் கதி என்றால், பெயர்ப் பலகை இல்லாத சத்திரத்துக்கும் சுமைதாங்கிக்கும் யார் சாட்சி?

நாம்தான் சாட்சி. அதனால் சில வேலைகளைச் சொல்கிறேன். எதுவும் காசு கேட்காது. உங்கள் ஊர் எல்லையில் எழுத்து வெட்டிய கல், நடுகல், சுமைதாங்கி, கைவிட்ட கிணறு, பழைய மைல்கல் எது இருந்தாலும், பேரனை விட்டுச் செல்போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். இன்ன இடம், யார் தோட்டத்தோரம், ஊரார் அதை என்ன சொல்லி அழைப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கும்பாபிஷேகம் வரும்போது கல்வெட்டின் மேல் பெயின்ட் அடிக்காமலும், மணல் பீய்ச்சிச் சுரண்டாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுத்து ஒருமுறை போனால் போனதுதான். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது காசோ சிலையோ கிடைத்தால், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும். உருக்கி விற்றால் சில ஆயிரம், ஊர் வரலாற்றுக்கு ஈடில்லாத நஷ்டம்.

கடைசியாக ஒரு நாள் திட்டம். காலை ஆறரைக்குப் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறுங்கள். ஏழரைக்குள் கோட்டை ஏறி இறங்க முடிந்தவர்கள் ஏறட்டும், மற்றவர்கள் கமலாலயக் கரையில் உட்காரலாம். பிறகு நரசிம்மர் குடைவரை, நாமகிரித் தாயார், ஆஞ்சநேயர். டிபன் முடித்து அரங்கநாதர் குடைவரை. அங்கே கல்வெட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பதினோரு மணிக்குக் கவிஞர் நினைவில்லம். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், பேரப்பிள்ளைகளைப் பழைய ரோட்டோரமாக நடத்திக் கூட்டிப்போய், இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது என்று சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் மிச்சமிருக்கும் கற்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எனக்கும் எழுதுங்கள்; ஒன்றுவிடாமல் நோட்டில் ஏற்றிக்கொள்கிறேன்.